கையைத் தூக்கணுமா, வேண்டாமா?

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து, மும்பை லோக்கல் ரயில்கள் பழையபடி பிதுங்கி வழியத் தொடங்கியிருந்த சமயம் அது. நாங்கள் கோவண்டியில் குடியிருந்தோம், இப்போதும் அங்கேதான். என் கணவருக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மிஷினுக்கு ஆபரேட்டர். நான் செம்பூரில் ஒரு தையல் யூனிட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டார். பக்கவாதம் என்றார்கள். உயிர் தப்பியது, பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. ஆனால் வலது கையும் காலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஒரே சத்தம்தான். "தூக்குங்க, இன்னும் கொஞ்சம் தூக்குங்க. நேத்து இதைவிட மேல போச்சுல்லா!" பிசியோதெரபிக்காரர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்யவைக்கிறது என் பொறுப்பு. அவர் சலித்துக்கொள்வார், சில நாள் கத்துவார். நான் விடமாட்டேன். முதன்முதலாக அந்தக் கையாலேயே தண்ணீர் டம்ளரை உதடு வரைக்கும் கொண்டுபோன அன்றைக்கு, பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம்.

லீவெல்லாம் தீர்ந்த பிறகு கம்பெனியில் கூப்பிட்டார்கள். அலுவலகத்தில் இருந்த மராட்டிப் பெண்மணி நல்ல மாதிரி. நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, இந்தியில் பொறுமையாகச் சொன்னார். மிஷினுக்கு இனி அனுப்ப முடியாது, வேறு வேலை கொடுக்கவும் இடமில்லை, வேலையை விட்டுவிடுவதுதான் வழி என்றார். பிறகு, பி.எஃப். பணம் தனி, அதோடு சேர்ந்த பென்ஷன் தனி, இன்சூரன்ஸ் தனி என்று விளக்கினார். இன்சூரன்ஸ் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அது ஆள் இறந்துபோனால்தான்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்து, "அவசரப்படாத, அதுக்கும் நேரம் வரும்" என்றார். எனக்குச் சிரிப்பதா அவர் வாயைப் பொத்துவதா என்று தெரியவில்லை.

ஆனால் பென்ஷனில் ஒரு வழி இருந்தது. நிரந்தரமாக முடியாமல் போனவர்களுக்கு வயது ஆகும்வரை காத்திருக்காமலேயே மாதாமாதம் கிடைக்குமாம். அதற்கு டாக்டர்கள் குழு ஒன்று அவரைச் சோதித்துப் பார்த்து, முடியாதவர்தான் என்று எழுதித் தரவேண்டும். கம்பெனி வழியாக விண்ணப்பம் போட்டோம்.

அதற்கப்புறம் கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பத்து வருஷம் வேலை பார்த்திருந்தால்தான் கிடைக்கும் என்றார் ஒருவர். அதெல்லாம் இதற்குத் தேவையில்லை என்றார் இன்னொருவர். படுத்த படுக்கையாக இருந்தால் மட்டும்தான் என்றார் வேறொருவர். இவரோ நடக்கிறார். காலை இழுத்து இழுத்து நடந்தாலும், தானே குளித்துச் சாப்பிடுகிறார். எங்களுக்குத் தருவார்களா மாட்டார்களா என்று ஒன்றும் விளங்கவில்லை.

டாக்டர்களிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர், எங்களுக்கு எல்லா ஒத்தாசையும் செய்கிறவர். "பாருத்தா, நாளைக்கு அவுகளை நடக்கவிடாத. வாடகைக்கு வீல் சேர் எடு. கையத் தூக்கச் சொன்னா தூக்க வேணாம்னு சொல்லிவை. தூக்கிட்டாகன்னா எழுதித் தரமாட்டாக" என்றார்.

எனக்கு அது சரி என்றும் பட்டது, தப்பு என்றும் பட்டது. தயங்கித் தயங்கி என் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இம்புட்டு நாளும் கையத் தூக்குங்க தூக்குங்கன்னு உயிர எடுத்த. இப்பத் தூக்காதீங்கங்குத. நான் என்னதான் செய்யணுங்குத?"

"எனக்கும் தெரியலங்க. கேள்விப்பட்டதச் சொல்லுதேன்."

"அப்ப நான் நல்லாவணுமா, ஆவக்கூடாதா? அத மொதல்ல சொல்லு."

நல்லாக வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில் அழுகிறவள் நான். நாளைக்கு மட்டும் நல்லாக இருக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? வீல் சேர் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வந்தது. மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த அம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. "கையைத் தூக்குங்கள்" என்று இந்தியில் சொன்னார்.

என் கணவர் தூக்கினார். சும்மா தூக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, வீட்டில் ஒரு நாளும் போகாத உயரத்துக்குத் தூக்கினார். தோளையும் தாண்டிப் போய்விட்டது. என்னை அறியாமல் "ஆங், அப்படித்தான்!" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு.

ஓரத்தில் இருந்த டாக்டர் ஏதோ எழுதினார். நான் பதறிப்போய், "டாக்டர், இது இன்னிக்கு மட்டும்தான், வீட்ல இவ்வளவு வராது, டம்ளர்கூட நழுவிடும்" என்று தெரிந்த இந்தியில் கொட்டினேன். என் கணவர் என்னை முறைத்தார். அந்த அம்மா கையமர்த்தி, "அவர் சொல்லட்டும்" என்றார். பிறகு அவரைப் பார்த்து, "நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

பிரஸ் மிஷின் என்றார் இவர். அதில் என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்றார் டாக்டர்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் தகட்டைப் பிடிப்பது போலப் பிடித்தார். வலது கையால் அதை உள்ளே தள்ள வேண்டும். காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து அச்சு இறங்குவதற்குள் கையை வெளியே இழுத்துவிட வேண்டும். இடது காலால் மிதித்தார். வலது கை அங்கேயே கிடந்தது. மறுபடியும் மிதித்தார். கை நகர்வதற்கு நேரமாயிற்று. அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தாழ்ந்த குரலில் இந்தியில் சொன்னார். "முடியாது மேடம். நான் அந்த மிஷினில் உட்கார்ந்தால் விரல் போய்விடும்."

'முடியாது' என்ற அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை அவரும் சொன்னதில்லை, நானும் சொல்லவிட்டதில்லை. 'சரியாயிரும், சரியாயிரும்' என்றே ஓட்டியிருந்தோம்.

அந்த அம்மா தலையசைத்தார். "நீங்கள் கையைத் தூக்குகிறீர்களா என்பது எங்களுக்குக் கேள்வியே இல்லை. செய்துவந்த அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி" என்றார். கடைசியில், "பயிற்சியை விட்டுவிடாதீர்கள். நன்றாகத் தூக்குகிறீர்கள்" என்று சேர்த்துச் சொன்னார்.

வெளியே வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். காரியம் நடந்ததா கெட்டதா என்று இருவருக்கும் புரியவில்லை. "என்னத்துக்கு அப்படித் தூக்குனீங்க?" என்று கேட்டேன். "நீ பாத்துக்கிட்டு இருந்தல்லா" என்றார். என் டீயில் பாதியை அவர் டம்ளரில் ஊற்றினேன்.

கொஞ்ச காலம் கழித்து பென்ஷன் அனுமதியாகிக் கடிதம் வந்தது. நிரந்தரமாக வேலைக்குத் தகுதியற்றவர் என்று அதில் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, "மிட்டாய் வாங்குத்தா" என்றார். உள்ளேயிருந்து இவர், "நான் எதுக்கும் ஆவமாட்டேன்னு எழுதிக் குடுத்ததுக்கா மிட்டாய்?" என்றார். கோபமா கேலியா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ரவா கேசரி கிளறினேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது அவர் தெருமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்க்க உட்காருகிறார். இடது கையால் எழுதப் பழகிவிட்டார். ஆரம்பத்தில், கை நன்றாகிவிட்டால் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம்கூட எனக்கு வந்து போனது. அவர்கள் கேட்டது அந்த மிஷின் வேலையைப் பற்றித்தானே என்று பிறகு தேறிக்கொண்டேன்.

ஒரு மனிதரால் இன்னது முடியாது என்று ஒப்புக்கொள்வது அவரைக் கைவிடுவது ஆகாது என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் எப்போது தட்டிக்கொடுப்பது, எப்போது விட்டுவிடுவது என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடாததால், இப்போதெல்லாம் முந்திக்கொண்டு பேசாமல் அவரையே கேட்டுவிடுகிறேன்.