முந்திரிக் களத்தில் காய்ந்த துணி

என் மகளுக்கு எட்டு மாதம். அவளுடைய துணிகளை வெயிலில் போட்டுவிட்டு, ஈரம் போயிற்றா என்று நான்கு முறை தொட்டுப் பார்ப்பேன். பிறகும் சந்தேகம் தீராது. சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்துவிடுகிற புத்தி எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அதனால் ஒருமுறை வீட்டில் பெரிய கலவரமே நடந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீடு ஆண்டிமடம் பக்கம். அக்காவுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. வெள்ளிக்கிழமையே அவளுக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. பள்ளியில் தந்த நாப்கின் பாக்கெட் தீர்ந்திருந்தது. மிச்சம் இருந்தவை அம்மாவின் பழைய நூல்சேலையைக் கிழித்த துணிகள்தான். அவற்றை அலசி, விறகு அடுக்குக்குப் பின்னால், உள்பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார்கள். ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அங்கே வெயிலும் படாது. அந்த ஈரத்துணியால் அக்காவுக்குத் தொடையெல்லாம் புண்.

"மூணு மணி நேரம் எப்புடிடி பெஞ்சுல உக்காருவேன்? நான் பரீட்சைக்கே போவல" என்று அழுதாள்.

அந்த வாரம்தான் நர்சம்மா பள்ளிக்கு வந்து எங்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசியிருந்தார். துணி என்றால் நல்ல வெயிலில் காயவேண்டும், அரைகுறை ஈரத்தோடு வைத்தால் அரிப்பும் புண்ணும் வரும் என்றார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் நல்ல வெயில் விழுகிற இடம் முந்திரிக்கொட்டை காயும் களம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரையும் கேட்காமல், அலசிய நான்கு துணிகளையும் அங்கே விரித்து, பறக்காமல் இருக்கக் கல்லும் வைத்தேன்.

மத்தியானம் உடையார்பாளையத்திலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வண்டியில் வந்து இறங்கினார். வேர்த்துக் கொட்டியது. களத்தில் கிடந்த துணிகளில் ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்து, அதையே தலையில் உருமா கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர்ச் சொம்போடு வந்த அம்மா அப்படியே நின்றாள். அக்கா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"என்னக்கா அப்புடிப் பாக்குற? பொண்ணு பாக்க இப்புடியே போயிரட்டுமா?"

"மொதல்ல அத அவுருடா."

"ஏன்? வெயிலு மண்டையப் பொளக்குதுல்ல."

அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு அக்கா ஒளிந்திருந்த கதவைப் பார்த்தாள். எனக்கோ வேறு கவலை. மறுநாளைக்கு நான்கு துணிகளும் வேண்டுமே.

"மாமா, அது அக்கா மாசாமாசம் வைக்கிற துணி. சோப்புப் போட்டு அலசுனதுதான். நாளைக்குப் பரீட்சைக்கு வேணும், குடுத்துருங்க" என்றேன்.

மாமா மெதுவாக உருமாவை அவிழ்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் எடுத்த இடத்திலேயே விரித்து, கல்லையும் வைத்தார். பிறகு அடிபம்புக்குப் போய் மூன்று குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். கிளம்பும்போது, "ஏ பாப்பா, அடுத்த தடவ காவலுக்கு நில்லு" என்றார். மூன்று நாளாக அழுதுகொண்டிருந்த அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து குபீரென்று சிரித்துவிட்டாள்.

"மானத்த வாங்கிட்டியேடி" என்று அம்மா என்னைக் கிள்ளினாள். ஆனால் துணிகளைக் களத்திலிருந்து எடுக்கச் சொல்லவில்லை.

மறுநாள் அக்கா மொடமொடவென்று காய்ந்த துணியோடு தேர்வுக்குப் போனாள். திரும்பி வந்ததும், "ஒரே ஒரு அஞ்சு மார்க்கு கணக்கு போச்சு. ஆனா கடைசி மணி வரைக்கும் உக்காந்துட்டேண்டி" என்றாள்.

அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அம்மா கேட்டாள். "அந்த நர்சம்மா வேற என்னெல்லாம் சொன்னாங்க?"

நோட்டை எடுத்துவந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பின்னல் நின்று நின்று நகர்ந்தது.

"இந்த அரிப்பு, புண்ணெல்லாம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு மட்டுந்தான் வருமாமா? பெரியவங்களுக்கு வந்தா என்ன செய்யணுமாம்?"

"அத அவங்க நடத்தலம்மா."

அம்மா ரிப்பனை முடிந்து, "சரி, போ" என்றாள். பாடத்தில் இல்லாததை இவள் எதற்குக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டே விளையாட ஓடினேன்.