பெயர் சொல்லாத அழைப்பு

அலுவலகத்தில் அவளை மரக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்பவர்கள் அவள் வீட்டில் விறகுக்கடை இருக்கிறதென்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் மறுக்கமாட்டாள். லிஃப்ட் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு தான் செய்யும் வேலையை விளக்குவதைவிட விறகுக்கடை எவ்வளவோ சுலபம்.

அவளுக்கு ஐம்பது வயது. கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. பஸ் நிறுத்தத்துப் பலகையில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "என் பஸ்ஸையே விட்டவ நீ" என்று கணவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

லிஃப்ட்டுக்குள்ளே சர்க்யூட் பலகை ஒன்று இருக்கிறது. எந்த மாடிக்குப் போவது, எப்போது கதவைத் திறப்பது என்பதெல்லாம் அதிலுள்ள புரோகிராம் சொல்கிறபடிதான் நடக்கும். கம்பெனியின் புரோகிராம் இருபத்துமூன்று வருஷப் பழசு. நாற்பதாயிரம் வரி. புதுப் பலகைக்கு அதை மாற்றி எழுத வேண்டும். மாற்றும்முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒருவராக மரக்காரியைப் போட்டார்கள்.

நாற்பதாயிரம் வரியைக் கண்ணால் படித்தால் பைத்தியம் பிடிக்கும். அதற்கென்று பார்சர் லைப்ரரி என ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாக்கியத்தைப் பிரித்து, இது எழுவாய், இது பயனிலை என்று கோடு போட்டுக் காட்டுவார்களே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. புரோகிராமை உள்ளே கொடுத்தால் கிளை, கிளைக்குள் கிளை, நுனியில் ஒற்றைச் சொல் என ஒரு மரமாக விரித்துக் கொடுக்கும். பிறகு அந்த மரத்திடம் கேள்வி கேட்கலாம். எந்தெந்தக் கிளையில் மோட்டார் ஓடுகிறது, எந்தெந்தக் கிளையில் நிற்கிறது என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். அவள் பேர் வந்தது அப்படித்தான்.

கதவு திறக்கும் இடங்களை எண்ணியபோதுதான் இது தொடங்கியது. பழைய கையேட்டில் பத்து இடம் என்று இருந்தது. புரோகிராமில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பெயர் உண்டு; வேண்டிய இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுவார்கள். பெயரைச் சொல்லித் தேடினாலும் பத்துதான் வந்தது. பிழை திருத்தியவளுக்கு அது போதவில்லை. மரத்திடம் வேறு மாதிரி கேட்டாள். பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற அழைப்பு எங்கேயாவது இருக்கிறதா?

மூன்று இருந்தன. இரண்டு சாதுவானவை. மூன்றாவது, லிஃப்ட் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பகுதியின் அடி ஆழத்தில், ஏழு கிளை தாண்டி உட்கார்ந்திருந்தது. பெயருக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டு அழைத்திருந்தார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் அது கதவு திறக்கும் கட்டளை. அதற்கு மேலே நிபந்தனைகள். கட்டட எண் நாற்பத்தொன்றாக இருந்தால். ஞாயிறு இல்லையென்றால். மணி மூன்று இருபது என்றால். யார் எந்தப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் விட்டுவிட்டு ஆறாவது மாடிக்குப் போ. கதவைத் திற. நாற்பது நொடி நில். கடைசியாக ஒன்று: இதைப் பதிவேட்டில் எழுதாதே.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் அவள் கை மௌஸிலிருந்து தானாக விலகியது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் அறைக்கு வெளியே, வரவேற்பு மேசைக்கு மேலே, கம்பெனியின் முதல் இன்ஜினியர் படம் மாட்டியிருந்தது. எல்லோருக்கும் அவர் பெரியவர். போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். மொத்தப் புரோகிராமும் அவர் ஒருத்தர் எழுதியது என்பார்கள்.

"அவர் எழுதினா காரணம் இல்லாம இருக்காதும்மா. அதுல போய்க் கை வைக்காத" என்றார் மேனேஜர்.

"கை வைக்கல சார். ஆனா என்னன்னே தெரியாம புதுசுல எப்படி எழுதுறது?"

"நாப்பத்தொண்ணா? அங்கேர்ந்து வருஷா வருஷம் ஒரு லெட்டர் வரும். பேர் இருக்காது. லிஃப்ட்டைப் பாருங்கன்னு மட்டும் இருக்கும். மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வா."

மெக்கானிக் ஆஜானுபாகு. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நாற்பத்தொன்று என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நான் ஏழெட்டு தடவ போயிருக்கேன்மா. என் லேப்டாப்பை மாட்டுனா ஒண்ணும் நடக்காது. கழட்டிட்டு வந்தா மறுநாள் திரும்ப நடக்கும். நான் இருக்கறது அதுக்குத் தெரியுது."

"லேப்டாப்பை மாட்டினா லிஃப்ட் ரிப்பேர் நிலைக்குப் போயிடும் அண்ணே. அந்த நிலையில இந்தக் கிளை ஓடாது. அவ்வளவுதான்."

அவர் சமாதானமாகவில்லை. "ரெண்டாவது மாடியில ஒரு டீச்சர் இருந்தாங்க. மூணு இருபதுக்கு ஏறிட்டாங்க. கீழ போக அழுத்தினா மேல போச்சாம். ஆறாவது மாடியில கதவு திறந்து, வெளியிலேர்ந்து ஒரு கை மட்டும் உள்ள வந்துச்சாம். கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு வெளிய போயிடுச்சாம். அந்தம்மா வீட்டையே காலி பண்ணிட்டாங்க. அதுக்கு என்ன கிளை சொல்ற?"

நாளைக்கே நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றாள்.

மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். சாதாரணமான எட்டு மாடிக் கட்டடம். மெக்கானிக் லிஃப்ட்டில் வரமாட்டேன் என்றார். மூச்சிரைக்கப் படியேறினார்கள். ஆறாவது மாடியில் நான்கு வீடு, மூன்றில் பூட்டு. பூட்டில்லாத வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு மர நாற்காலி, லிஃப்ட் கதவைப் பார்த்தபடி கிடந்தது. அதன் முன்னங்கால்களுக்குக் கீழே தரை தேய்ந்து வெளுத்திருந்தது. ஜன்னல் வழியே மதிய வெயில் விழுந்துகொண்டிருந்தது. எங்கேயோ குழாயில் நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று பதினெட்டுக்கு அந்த வீட்டுக் கதவு திறந்தது. அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண்மணி வந்தார். மாடிப்படி வளைவில் நின்றவர்களை அவர் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே எங்கோ கம்பி முனகத் தொடங்கியது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. எண்கள் ஒவ்வொன்றாக ஏறி ஆறில் நின்றன. கதவு திறந்தது. உள்ளே வெளிச்சமும் கண்ணாடியும் மட்டும். பெண்மணி எழுந்து போய், கால் வாசலைத் தாண்டாமல், வலது கையை மட்டும் உள்ளே நீட்டினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மரக்காரி மனதுக்குள் பத்து எண்ணினாள். கை வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு மூடியது. அவர் வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்.

மெக்கானிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்தியா" என்றார் மெதுவாக.

அன்று சாயங்காலமே அவள் மரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கதவு திறப்பதைக் கண்டுபிடித்த பரபரப்பில் அதற்குப் பக்கத்துக் கிளைகளை அவள் சரியாகப் பார்க்கவில்லை. லிஃப்ட் வாசலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கோடு ஓடும். குறுக்கே யாராவது நின்றால் கதவு மூடாமலிருக்க அதுதான் காவல். பக்கத்துக் கிளைகள் சொன்னது இதுதான்: நாற்பது நொடிக்குள் அந்தக் கோடு அறுபட்டால் ஒன்று என்று குறித்துக்கொள். அறுபடாவிட்டால் சைபர். சைபர் என்றால் மணியை மூன்று முறை அடி. குறித்ததை நினைவகத்தின் இன்ன மூலையில் வை.

அந்த மூலையைத் தொலைபேசி இணைப்பு வழியாக அலுவலகத்திலிருந்தே படிக்க முடிந்தது. படித்தாள். திரை முழுக்க ஒன்று, ஒன்று, ஒன்று. இருபத்துமூன்று வருஷத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் ஒன்றுகள். நடுவில் ஒன்பது இடத்தில் மட்டும் நாலைந்து சைபர்கள் சேர்ந்தாற்போல். கடைசியில் அன்றைய தேதிக்கு ஓர் ஒன்று. அந்தக் கையை அவள் இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் நேரில் பார்த்திருந்தாள்.

இந்த முறை தனியாகப் போனாள், காலை வேளையில். கதவைத் திறந்த பெண்மணி அவள் கழுத்து அட்டையிலிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு, "லெட்டர் வந்துச்சா" என்று கேட்டார்.

"நீங்கதான் எழுதினீங்களாம்மா?"

"வேற யாரு எழுதுவா? உள்ள வா."

கூடத்துச் சுவரில் அதே படம் இருந்தது. வரவேற்பு மேசைக்கு மேலே இருந்த அதே முகம், அதே கண்ணாடி. மரக்காரிக்கு உட்காரத் தோன்றவில்லை.

"எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் போனதும் நான் எங்கயும் போகக்கூடாது" என்றார் பெண்மணி. யாரோ ஒருத்தி கதையைச் சொல்வதுபோல இருந்தது அவர் குரல். "போன் பண்ணிக் கேட்டா நான் பொய் சொல்லுவேனாம். அதனால இதைச் செஞ்சாரு. மூணு இருபதுக்கு வரும், கையைக் காட்டணும். ஒரு நாள் காட்டலன்னாலும் மணி மூணு தடவ அடிக்கும், அவருக்கு ஆபீஸ்லயே தெரிஞ்சிடும்."

"காட்டலன்னா?"

"வீட்டுக்கு வந்து ஒண்ணும் கேக்க மாட்டாரு. சத்தம்கூடப் போட மாட்டாரு. மறுநாள் போகும்போது வெளியில பூட்டிட்டுப் போவாரு. மூணு நாள், நாலு நாள். ஒம்போது தடவ நடந்துச்சு."

திரையில் சைபர் விழுந்திருந்த அந்த ஒன்பது இடங்கள் மரக்காரிக்கு நினைவுக்கு வந்தன.

"அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சேம்மா. இப்பவும் ஏன்?"

"நான் இல்லாதப்பவும் அது உன்னப் பாக்கும்னு சொல்லிட்டுப் போனாரு. அவர அந்தக் கூடத்துல கிடத்தியிருந்தாங்க. சொந்தக்காரங்க எல்லாம் அழுதுட்டு இருந்தாங்க. மூணு இருபது ஆச்சு. நான் எந்திரிச்சுப் போய்க் கையக் காட்டிட்டு வந்து திரும்ப உக்காந்தேன். துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

திரையில் அந்தத் தேதிக்கு என்ன இருந்திருக்கும் என்று மரக்காரிக்குத் தெரிந்தது. ஒன்றுதான்.

"விட்டுப் பாக்கலியா நீங்க?"

"பல தடவ பாத்தேன். போகக்கூடாதுன்னு நாற்காலியை இறுக்கிப் புடிச்சுட்டு உக்காருவேன். கதவு திறந்துக்கிட்டு நிக்கும். உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. யாரும் இல்லாதது என்னைப் பாத்துக்கிட்டு நிக்கும்மா. கால் தானா எழுந்து போயிடும்."

மரக்காரி கொண்டுவந்த காகிதங்களைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் கிளையை மட்டும் வாயால் சொன்னாள். யாரும் பார்க்கவில்லை, யாரும் படிக்கவும் இல்லை, பதினோரு வருஷமாக அது வெறுமனே குறித்துக்கொண்டிருக்கிறது என்றாள். பெண்மணி கவனமாகக் கேட்டார்.

"எத்தன வரி?"

"இருபத்தாறு வரிம்மா."

"அவ்வளவுதானா" என்றார்.

அலுவலகத்தில் லேசில் முடியவில்லை. பெரியவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். மரத்தைத் திரையில் விரித்து, ஒவ்வொரு கிளையாகத் தொட்டுக் காட்டினாள். கடைசியில் அந்த ஒன்றுகளைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒன்றரைப் பக்கத்துக்கு அவள் எழுதிய அறிக்கையை "தேவையற்ற ஒரு கிளை நீக்கப்பட்டது" என்று ஒரே வரியாக்கினார். ஆனால் நாற்பத்தொன்றுக்குத்தான் புதுப் பலகை முதலில் போகட்டும் என்று கையெழுத்தும் போட்டார்.

மெக்கானிக் காலையில் பலகையை மாட்டினார். மூன்று பதினெட்டுக்கு மூவரும் ஆறாவது மாடியில் நின்றார்கள். பெண்மணி நாற்காலியில் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று இருபது. கம்பி முனகவில்லை. லிஃப்ட் எண் கீழ்த்தளத்தைக் காட்டியபடியே இருந்தது. பெண்மணியின் வலது கை மட்டும் மெல்ல எழுந்து, மூடிய கதவை நோக்கி நீண்டு, காற்றில் நின்றது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மெக்கானிக் போய் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"இப்ப நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாதில்ல?" என்று கேட்டார் பெண்மணி.

"தெரியாதும்மா."

"அப்ப நடந்து வரேன்" என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். சுவரைத் தடவித் தடவி ஆறு மாடியும் இறங்க அரை மணி நேரம் ஆனது. லிஃப்ட்டில் அவர் அதற்குப் பிறகு ஏறவே இல்லை. ஒரு மாதத்துக்குள் தங்கை வீட்டோடு போய்விட்டார். தரைத்தள வீடு.

அதற்குப் பிறகும் மூன்று இருபதுக்கு அந்தக் கட்டடத்தில் யாரும் லிஃப்ட் ஏறுவதில்லை என்று மெக்கானிக் வந்து சொன்னார். அவரும்தான் ஏறுவதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம் அந்தத் தங்கை மரக்காரிக்குப் போன் செய்தாள். அக்காவின் நோட்டில் இந்த ஒரு நம்பர்தான் இருந்ததாம். குரல் பதறியது.

"அக்கா மூணு மணிக்கு வெளிய போனாங்க. எங்கன்னு சொல்லல. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லம்மா. சொல்லல."

"நீங்க தேடிப் பாக்க முடியுமா? உங்களுக்குத்தான் இதெல்லாம் கண்டுபிடிக்க வருமாமே. அக்கா சொல்லியிருக்காங்க."

மரக்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெரு நிறைய ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "வந்துடுவாங்க. விட்டுடுங்க" என்றாள்.

ஆறரைக்கு மறுபடி போன் வந்தது. அக்கா வந்துவிட்டாராம். செருப்பெல்லாம் சேறாம். எங்கே போனாய் என்று கேட்டதற்குச் சும்மா சிரித்தாராம்.

"திரும்பவும் கேக்கட்டுமா?" என்றாள் தங்கை.

"வேண்டாம்மா" என்றாள் மரக்காரி. "ஒருதடவகூட கேக்காதீங்க."