செங்கேணியின் பத்தாவது எழுப்புதல்

உத்திரமேரூருக்குத் தெற்கே ஓர் ஊர்க்கோடிக் குடியிருப்பில் வாழும் செங்கேணி அம்மையார், வயது நாற்பத்தாறு, நடவுக் கூலி, இதுவரை ஒன்பது முறை புதுவாழ்வு அடைந்தவர். ஆண்டுதோறும் மே மாதம் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடக்கும். கடைசி நாளில், "யார் புதுசா ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கறீங்க?" என்று பாஸ்டர் ஆல்பர்ட் கேட்டு முடிப்பதற்குள் எழும் முதல் கை அம்மையாருடையது. சபை அறிக்கையில் வருடத்துக்கு ஓர் ஆத்துமா கூடியது. ஒன்பதும் ஒரே ஆத்துமா என்று சொல்லி மேலிடத்தை ஆல்பர்ட் வருத்தப்படுத்தவில்லை.

புதுவாழ்வு நன்றாகத்தான் போகும், தெருக்குழாய் வரைக்கும். அங்கே ஓரகத்தி செல்லாயி விடியுமுன்பே ஆறு குடங்களை வரிசையில் வைத்திருப்பார். அதைப் பார்த்ததும் செங்கேணியின் வாயிலிருந்து புறப்படுபவை எந்த வேதத்திலும் இல்லை. அப்புறம் பதினோரு மாதம் பேச்சு கிடையாது. அடுத்த கூட்டத்தில் அழுது, நேரே போய் செல்லாயியிடம் மன்னிப்புக் கேட்பார். சபைக்கே போகாத செல்லாயிக்கும் இந்த வழக்கம் பழகிவிட்டது.

இந்த வருடம் அந்தக் கை எழவில்லை. ஆல்பர்ட் மைக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"இன்னா சிஸ்டர், ஒடம்பு சரியில்லியா?"

"முடியல பாஸ்டரய்யா. வருசா வருசம் புதுசாயி, ஒரு வாரத்துல பழசாயி, அசந்து பூட்டேன். ஆண்டவருக்கே பேஜாரா இருக்காதா?"

"சும்மா தூக்குங்க, ஜனம் பாக்குது."

தூக்கவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் பதினோரு மாத மௌனம் கலைந்தது, நல்லவிதமாக அல்ல. பிறகு நாள் முழுக்கக் குனிந்து சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவு. திட்டிய திட்டெல்லாம் நாற்றுக்கட்டோடு கூடவே வந்தது. சாயங்காலம் காலில் சேறு காயாமலே செல்லாயி வாசலில் போய் நின்றார்.

"அக்கா, காலைல கத்துனது தப்பு."

செல்லாயி திகைத்தார். "இன்னாடி இது? அடுத்த கூட்டத்துக்கு இன்னும் ஒரு வருசம் கீதே?"

"அவ்ளோ நாளு சொமக்க முடியலக்கா. நாளைக்கும் கத்துவேன். சாய்ங்காலம் வந்து சொல்லிட்டுப் போறேன்."

"அதுக்காவ நான் வரிசைலேர்ந்து கொடத்த எடுக்க மாட்டேன்."

"தெரியும்."



"கால கழுவு, போ. சேறு காஞ்சா தோல இழுக்கும்" என்றார் செல்லாயி. அம்மையார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.