கொன்சலின் வலப்பக்கத்து நாற்காலி

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு தேயிலைக் கொம்பனியில் நான் கிளாக்கராக இருந்தேன். என் துரை ஓர் ஐரோப்பிய நாட்டுக்காரர். தன் நாட்டின் கௌரவக் கொன்சலும், அதாவது சம்பளமில்லாத துணைத்தூதரும், அவரே. அதனால் எங்கள் கந்தோர் வாசலுக்கு அந்த நாட்டின் அரசுச் சின்னமும், எனக்குக் ‘கொன்சல் காரியதரிசி’ என்ற பட்டமும் வந்து சேர்ந்தன. சம்பளம் மட்டும் பழைய சம்பளம்தான். ஆனாலும் நான் குடியிருந்த வெள்ளவத்தையில் யாராவது என் உத்தியோகத்தைக் கேட்டால், “வெளிநாட்டு விவகாரம்” என்று சொல்லித் தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

ஒருமுறை தன் மன்னரின் பிறந்தநாளுக்குத் துரை வீட்டுத் தோட்டத்தில் பகல் விருந்து வைத்தார். வரவிருந்தவர்களில் இரண்டு கொன்சல்மாரின் நாடுகளுக்கிடையே எல்லைத் தகராறு. அதனால் அவர்கள் இங்கேயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. விருந்தில் முதல் மரியாதை துரைக்கு வலப்பக்கத்து நாற்காலிக்குத்தான். அது யாருக்கு? ஒருவர் கொழும்புக்கு முதலில் வந்தவர். மற்றவர் அரசாங்கத்தின் அங்கீகாரத்தை முதலில் பெற்றவர். இருவரிடமும் போய் என்னால் இயன்ற நயத்தோடு கதைத்துப் பார்த்தேன். இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இதெல்லாம் தங்களுக்குப் பெரிதல்ல, ஆனால் இடப்பக்கம் என்றால் அன்றைக்குத் தலைவலி வரக்கூடும்.

மூளையைக் கசக்கி, வட்ட மேசை என்று முடிவெடுத்தேன். அதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்ற நினைப்பில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே எல்லோரும் ‘நானா’ என்று அழைக்கும் ஒரு முஸ்லிம் முதலாளி கலியாண வீடுகளுக்குத் தளபாடம் வாடகைக்கு விட்டுவந்தார்.

“வட்ட மேசையா? ஒண்டு ஈக்குது. எத்தின பேருக்குத் தம்பி?”

“இது சாப்பாட்டு விசயமில்லை, நானா. ரண்டு நாட்டு விவகாரம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நல்லாத் தொடச்சே அனுப்புறன்” என்றார்.

விருந்தன்று மேசையைப் போட்டு நாற்காலிகளை அடுக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மேசை வட்டமானாலும் துரைக்கு வலக்கை இருந்தது.

அதற்குள் கொன்சல்மார் வந்துவிட்டார்கள். அவர்கள் நாற்காலிகளைப் பார்த்தார்கள். துரை என்னைப் பார்த்தார்.

“விரும்பிய இடத்தில் அமரலாம்” என்றேன் நான்.

இருவரும் ஒரே நாற்காலியின் முதுகில் கை வைத்தார்கள். இருவரும் உட்காரவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் வியர்த்தது.

அப்போது கடற்பக்கமிருந்து மழை அடித்துக்கொண்டு வந்தது. எல்லோரும் விறாந்தைக்கு ஓடினார்கள். அங்கே உட்காரக் கிடந்தது இரண்டு பேர் கொள்ளும் ஒரேயொரு பிரம்பு வாங்கு. கொன்சல்மார் இருவரும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தார்கள். ஒருவர் நனைந்த மூக்குக்கண்ணாடியோடு தடுமாற, மற்றவர் தன் கைக்குட்டையை நீட்டினார். முதுகுவலியைப் பற்றிப் பேச்சுத் தொடங்கியது. இருவருக்கும் அது இருந்தது.

எல்லோரும் போனபின் துரை என் தோளில் தட்டி, “அருமையாகச் சமாளித்தீர்” என்றார். நான் மறுக்கவில்லை. தலைவணங்கினேன். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “பேச்சுவார்த்தை வெற்றி” என்றேன்.

“ஓம், இஞ்சையும் நல்ல மழை. காயப்போட்ட உடுப்பெல்லாம் நனைஞ்சுபோச்சு” என்றாள்.

எல்லைத் தகராறு அப்படியே கிடந்தது. ஆனால் கொன்சல்மார் இருவரும் ஒரே காரில் களனிக்கு, ஒரு நாட்டு வைத்தியரிடம் முதுகுக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளப் போய்வந்தார்கள். காரியதரிசி யாரும் கூட வரவேண்டுமா என்று விசாரித்தேன். தேவையில்லை என்றார்கள்.