சாவிக்கா தன் பெயரை நீக்கிய கதை

என் சித்தி ஒரு பெரிய மருத்துவமனையின் கணினி அறையில் வேலை பார்க்கிறாள். யார் எந்தத் திரையைப் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்று அனுமதி கொடுப்பதும் பிடுங்குவதும்தான் வேலை. அந்தக் கட்டடத்தில் அனுமதி தரும் அனுமதி அவள் ஒருத்திக்குத்தான். அதனால் 'சாவிக்கா' என்று பெயர். வீட்டிலும் அதே புத்தி. ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு, எடுக்கக் கிடையாது.

அனுமதி என்றால் ஆட்களுக்கு ஏனோ நாற்காலி மாதிரி. பெரியதாக வேண்டும். மருந்துக் கிடங்குக்காரர் ஒருநாள் வந்து நின்றார்.

"சாவிக்கா, அழிக்கிற பவர் ஒண்ணு போட்டு விடுங்க."

"எதை அழிக்கப் போறீங்க?"

"ஒண்ணையும் அழிக்க மாட்டேன். பக்கத்து செக்‌ஷன்காரருக்கு இருக்கு. எனக்கு இல்லேன்னா நல்லாவா இருக்கு?"

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சித்தி எல்லாப் பெயர்களுக்கும் நேரே 'தொடரட்டும்' அல்லது 'நீக்கு' என்று குறித்து மேனேஜருக்கு அனுப்புவாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும். நானூறு பெயர், நாற்பது நொடி. அதில் முப்பது நொடி மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்கு. கண்ணாடி கிடைக்காமலேயே ஒப்புதல் வந்துவிடும்.

அந்த மேனேஜர்தான் போன மாதம் சொன்னார்: "டிக் அடிக்கிற வேலைக்குத் தனியா ஒரு ஆளாம்மா? இந்த போஸ்ட்டே வேண்டாம்னு மேல எழுதப் போறேன்."

பதினொரு வருஷ வேலை. சித்தி அன்று சாப்பிடவில்லை. நான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைக்கூடக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதும் அதில் ருசியே இல்லை.

எங்கள் வீட்டில் வில்லங்கத்துக்குப் பெயர்போனவன் நான்தான். ஆனால் சத்தியமாக இது சித்தியே செய்தது. அடுத்த பட்டியலில், இருநூற்றுப் பதினேழாவது வரியில், தன் பெயருக்கு நேரே 'நீக்கு' என்று போட்டாள். அவர் படித்தால் இவள் மாட்டுவாள். படிக்காவிட்டால், வெறும் டிக் அடிப்பது யார் என்று தெரிந்துவிடும்.

நாற்பதாவது நொடியில் ஒப்புதல் வந்தது. மாலை ஐந்து மணிக்குக் கணினி சித்தியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

மறுநாள் காலை மேனேஜர் வழக்கம்போலப் பாஸ்வேர்டை ஐந்து தடவை தப்பாக அடித்து, கணினி பூட்டிக்கொள்ள, உள்ளே போக முடியாமல் சித்தியிடம் வந்தார்.

"திறந்து விடும்மா."

"எனக்கே அனுமதி இல்ல சார். நேத்து நீங்கதான் எடுத்தீங்க."

பட்டியலைக் காட்டினாள். கண்ணாடி உடனே கிடைத்தது.

"சரி, உன்னைத் திரும்பச் சேர்க்க என்ன பண்ணணும்?"

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: 'இவர் ஏன் தேவை? மேலதிகாரி தன் கையால் எழுதவும்.'

"நீயே எழுதிடு. நான் கையெழுத்துப் போடறேன்."

"அந்தக் கட்டத்துக்கு எனக்கு அனுமதி இல்ல சார்."

அரை மணி நேரம் பேனாவைக் கடித்து எழுதினார். இப்படி எழுதிக் கொடுத்த பிறகு, போஸ்ட் வேண்டாம் என்று எந்தக் கையால் எழுதுவார்? அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

படிவத்தின் நகல் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. 'இவர் இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. நான் உட்பட.'

அதைப் படிக்கத்தான் அடிக்கடி அந்தப் பக்கம் போகிறேன் என்றால் சித்தி நம்புவதில்லை.