ஒழுகிய கூரையும் மும்தாஜும்

மும்பை செம்பூரில் எங்கள் கீழ் வீட்டுக்காரர் பால்கனிக்குத் தகரம் போட்டிருக்கிறார். மழை பெய்தால் மதியத் தூக்கம் போச்சு. சொசைட்டியில் புகார் கொடுக்கலாம் என்கிறாள் மருமகள். எனக்கானால் அந்தச் சத்தத்தோடு ஈரச் சுவர் வாடையும், பதனிட்ட தோலின் வாடையும் கிளம்பி வந்துவிடுகின்றன.

அறுபதுகளில் தாராவியில் ஒரு பாலர் வகுப்புக்கு நான்தான் டீச்சர். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போவேன். "போறதுதான் போறே, வந்ததும் குளிச்சுட்டு உள்ளே வா" என்று அம்மா டிபன் டப்பாவை நீட்டுவாள். அந்த வயதில் எனக்குத் தெரிந்த கல்வியெல்லாம் சிலேட்டு, பலப்பம், 'அ' சொல்லு. அவ்வளவுதான்.

மும்தாஜுக்கு நாலு வயது. வாப்பா தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. ஒருநாள் வாப்பா வந்து, "இந்த வாரத்தோட நிறுத்திக்கிடுதேன் டீச்சர். எழுத்தும் வரல, ஒத்த வார்த்தை பேசமாட்டேங்கா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை கூரை ஒழுகியது. கிடைத்த டப்பா, டம்ளர், வாளியையெல்லாம் அடியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் காய்ந்த மூலைக்கு ஒதுக்கினேன். மும்தாஜ் எழுந்துபோய் ஒரு பால்பவுடர் டப்பா முன்னால் குந்தினாள். அதட்ட வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். தண்ணீரைக் கவிழ்த்தாள், மறுபடி வைத்தாள், காதைச் சாய்த்தாள். பிறகு டம்ளர், பிறகு வாளி. ஒவ்வொருவராக எல்லாப் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். ஒரே ஈரம். ஆனால் சண்டையில்லை, அழுகையில்லை.

கூட்டிப்போக வந்த வாப்பா குடையோடு வாசலில் நின்றார். அவரைக் கவனிக்காமல் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், தண்ணி ஏற ஏற சத்தம் மாறுது! வெறும் டப்பா கத்துது, நெறஞ்சது முணங்குது!"

விரித்த குடையோடு வாப்பா உள்ளே வந்துவிட்டார். "வீட்டுக்கு வெளிய இவ பேசி இப்பதான் கேக்கேன்" என்றார். வாசலுக்குத் திரும்பிக்கொண்டே, "இவ இங்கயே இருக்கட்டும். பொறவு வாரேன்."

திங்கட்கிழமை மும்தாஜ் வந்தாள். அவளோடு ஒரு கோணி நிறையக் கலர்கலராகத் தோல் துண்டுகளும் வந்தன. பிள்ளைகள் அவற்றை இழுத்துப்போட்டு என்னென்னவோ அடுக்கினார்கள். எழுத்து அவளுக்குத் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது பலமாடிக் கட்டிடம். பட்டறை இல்லை, வாப்பா இல்லை. மும்தாஜ் கல்யாணமாகி ஊர்ப்பக்கம் போனாள் என்று கேள்வி. அவளுக்கு என் பெயர்கூட நினைவிருக்காது. நான் டீச்சரானது அந்த மழை நாளில்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய்க்கவேயில்லை.