ரிப்போர்ட் சொல்லாத சங்கதி

போன வருடம் ஒரு கிழமை முழுக்க நான் என் கணவரோடு பேசவில்லை.

சண்டை இல்லை. சத்தம் இல்லை. சோறு போட்டேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. காரணம், ஒரு டெலிபோன் அழைப்பு.

"டீச்சர், கொஞ்சம் கிளினிக் பக்கம் வந்துட்டுப் போறீங்களா? பயப்பட ஒண்ணும் இல்ல..."

எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ். சிங்களப் பெண். அழகாகத் தமிழ் பேசுவார். 'பயப்பட ஒண்ணும் இல்ல' என்று ஒருவர் தொடங்கினால், அதற்குப் பிறகு பயப்படாமல் இருக்க முடியுமா?

நாற்பத்தைந்து வயதுப் பெண்களைச் சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்கும் டெஸ்ட். திரைக்குப் பின்னால் சில நிமிடம். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் அசௌகரியம், அவ்வளவுதான். எனக்கு நோவு இல்லை, இரத்தப் போக்கு இல்லை. செய்துவிட்டு வந்து மறந்தே போனேன்.

கிளினிக்கில் மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சருக்கு HPV வைரஸ் இருக்கு. இது கேன்சர் இல்ல, நல்லா விளங்கிக்கோங்க. ஆனா அப்படியே விட்டா பின்னுக்குக் கேன்சரா மாறலாம். பெரியாஸ்பத்திரியில இன்னொரு டெஸ்ட் செய்யணும்."

"இது எப்படி மிஸ் வரும்?"

மிஸ் குரலைத் தாழ்த்தினார். "உடலுறவு மூலமாத்தான் டீச்சர். ரொம்பப் பேருக்கு வாற ஒண்ணு..."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு, கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது மனம் கணக்குப் போட்டது. முப்பத்தைந்து வயதில் செய்த டெஸ்ட் நோர்மல். இப்போது வைரஸ். இடையில் என்ன நடந்தது? என் கணவர் சேவியர் கட்டாரில் வேலை செய்தார். நான் இங்கே பிள்ளைகளோடு. அவர் அங்கே... தனியாக.

வேறென்ன வேண்டும்? வழக்கு முடிந்தது. தீர்ப்பும் எழுதியாயிற்று – பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள்!

அந்தக் கிழமை நான் தூங்கியது குறைவு. கேன்சர் ஒரு பக்கம் பயமுறுத்தியது. ஆனால் உண்மையைச் சொல்லவா? அதைவிட, முகம் தெரியாத ஒரு பெண்தான் மனதில் அதிகம் வந்து போனாள். அவளுக்கு நானே ஒரு முகம் செய்து, சேலை கட்டி, பெயரும் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள், அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லப் போறியா, இல்லையா?"

பெரியாஸ்பத்திரிக்கு மிஸ் எழுதிக் கொடுத்த ரெஃபரல் துண்டை நீட்டினேன். வாசித்தார். முகம் வெளுத்தது. அந்த வெளுப்பையும் சாட்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

"கட்டார்ல யாராவது இருந்தாளா?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அவரே எட்டி காஸை நிறுத்தினார்.

"இல்ல. நம்புறதும் நம்பாததும் உன் இஷ்டம்." வழிந்ததைத் துணியால் துடைத்தார். "நாளைக்கு நான் கூட வரணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"வாங்க" என்றேன். நம்பியதால் இல்லை. தனியாகப் போகப் பயந்ததால்.

ஆஸ்பத்திரி வாங்கில் பெண்களுக்கு நடுவே அவர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். என் மறுபக்கம் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா. ராஜேஸ்வரி என்று பெயர் சொன்னார். மகளோடு வந்திருந்தார். மகள் துண்டைக் காட்டப் போன நேரம் என் காதருகே குனிந்தார்.

"மாதவிடாய் நின்னு வருசமாச்சு தங்கச்சி. இப்ப மறுபடி படுது. நாத்தம் வேற. தீட்டுத்தான் திரும்பி வந்திருச்சுன்னு நெனச்சேன்."

"டெஸ்ட் எதுவும் செய்யலியா அக்கா?"

"மிஸ் கூப்பிட்டாங்க. இந்த வயசுல போய்... வெக்கமா இருந்திச்சு. சின்ன வயசுல கட்டிக் குடுத்துட்டாங்க, அஞ்சு புள்ள பெத்தேன். எனக்கென்ன வரப்போவுதுன்னு இருந்துட்டேன்."

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். "வாங்கோ, இருங்கோ" என்றவர் கேள்விகளைத் தொடங்கினார். எத்தனை வயதில் கல்யாணம்? எத்தனை பிள்ளைகள்? புகைப்பீர்களா? வேறு வருத்தங்கள், நோய்கள் ஏதும்? மூட்டுவாதத்துக்கு நான் நெடுநாளாக மருந்து குடிப்பதைச் சொன்னேன். மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு எழுதுவதை நிறுத்தினார்.

"இது எதிர்ப்புச் சக்தியக் குறைக்கிற மருந்து. இந்த வைரஸ் கனபேருக்கு வந்து, உடம்பே அத விரட்டிப்போடும். உங்கட உடம்புக்கு அது கஷ்டமா இருந்திருக்கலாம். மருந்த நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ, என்ன?"

நான் கேட்க வந்த கேள்வி வேறு. "டாக்டர், முப்பத்தஞ்சுல எனக்கு ஒண்ணும் இருக்கல. அப்ப இது... அதுக்குப் பிறகுதானே வந்திருக்கும்?"

அவர் பேனையை வைத்தார். இந்தக் கேள்வியை நிறையக் கேட்டவர் போல.

"அப்ப செய்தது பப் டெஸ்ட். கருப்பைக் கழுத்தில இருக்கிற கலங்கள், அதான் செல்கள், மாறியிருக்கோ எண்டுதான் அது பார்க்கும், வைரஸப் பார்க்காது. வைரஸ் ஒரு அறிகுறியும் இல்லாம வருசக்கணக்கா உடம்பில கிடக்கும். எப்ப வந்தது, ஆரால வந்தது எண்டு ஒரு டெஸ்டும் சொல்லாது. இந்த ரிப்போர்ட்ட வச்சு வீட்டில ஆரையும் விசாரிக்காதேங்கோ."

பரிசோதனைப் படுக்கையில் படுத்தேன். வினாகிரி போலப் புளித்த வாடையுள்ள ஒரு திரவம் பூசி, பூதக்கண்ணாடிக் கருவியால் பார்த்தார். ஓரிடம் வெள்ளையாக மாறியிருந்ததாம். அங்கிருந்து சின்னத் துணுக்கு ஒன்றை எடுத்தார். சுருக்கென்றது. கண்ணீர் வந்தது – வலிக்கு மட்டுமா என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் என் கணவர் எழுந்து நின்றார். டாக்டர் என்ன சொன்னார், யார் குற்றம், எதையும் கேட்கவில்லை.

"வலிச்சிச்சா?"

அந்த ஒரு சொல்லில் நான் உடைந்துபோனேன். அவர் உண்மையைத்தான் சொன்னாரா? எந்த ஆய்வுகூடமும் எனக்குச் சொல்லப் போவதில்லை. நானேதான் முடிவெடுக்க வேண்டும். படியிறங்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரிசல்ட் வரும்வரை மறுபடி தவிப்பு. இந்த முறை இரண்டு பேருமாகத் தவித்தோம். வந்தது: கேன்சர் இல்லை. ஆனால், அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலங்கள். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை அகற்றினார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி விடாமல் போய்க் காட்ட வேண்டும்.

மறுபடி போய்க் காட்டிய நாளில் ராஜேஸ்வரி அக்காவைக் கண்டேன். அவருக்குக் கேன்சர்தான். கதிர்ச் சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். மெலிந்திருந்தார். குணமாக வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார், நானும் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்பதுபோல. சொன்னேன்.

"எங்க தோட்டத்து லயத்துப் பொம்பளைங்கள எல்லாம் கிளினிக்குக்குப் போகச் சொல்லிட்டேன் தங்கச்சி. வெக்கமா இருக்குன்னு ஒருத்தி சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கும் வெக்கமாத்தான் இருந்திச்சுன்னு சொன்னேன். அடுத்த நாளே கிளினிக்குக்குப் போயிட்டா!"